பச்சை வட்டம்

நான்கு வருடமாகப் பள்ளியிலிருந்து வந்த முன்னேற்ற அறிக்கை ஒவ்வொன்றிலும் கணக்குப் பாடத்துக்கு நேரே ஒரு பச்சை வட்டம் இருந்தது. பக்கத்தில் 'எதிர்பார்த்த முன்னேற்றம்' என்று இரண்டே சொல். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் மனம் நொந்துபோவார்கள் என்று முதல் வருடமே கூட்டம் போட்டு விளக்கியிருந்தார்கள். சிவப்பு வந்தால் கவலைப்படுங்கள், மஞ்சள் வந்தால் கொஞ்சம் கவனியுங்கள், பச்சையென்றால் நிம்மதியாக இருங்கள் என்றார்கள். அந்த வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பச்சையிலேயே இருபது தினுசு இருக்கிறது, இது எந்தப் பச்சை என்று கேட்டுக்கொண்டு வா என மகளைச் சீண்டுவார். சீண்டினாலும் அறிக்கையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவது அவர்தான். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து, எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்தே வாலுவுக்குப் பல் டாக்டர் ஆகும் ஆசை வந்திருந்தது. அதற்கு அடுத்த வருடம் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும்.

திங்கட்கிழமை அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது. மகளுக்குப் பொதுப் பிரிவு. அறிவியல் பிரிவுக்குக் கணக்கில் அறுபது வேண்டும், அவள் வாங்கியது முப்பத்தெட்டு. வெள்ளிக்கிழமையோடு பிரிவுப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

முப்பத்தெட்டு. நான்கு வருடத்தில் அவர்கள் கண்ணில் பட்ட முதல் எண் அதுதான்.

ஏன்டி சொல்லவில்லை என்று அம்மா கேட்டபோது வாலு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அம்மாவுக்குப் பிறகு தோன்றியது.

"சொன்னேன்மா. ஏழாவதுலயே சமன்பாடு ஒண்ணும் புரியலன்னு சொன்னேன். நீ ஃப்ரிட்ஜைக் காட்டின."

புதன்கிழமை மாலை பெற்றோர் சந்திப்புக்கு அம்மா மட்டும் போனாள். பெரிய கூடத்தில் பாடத்துக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு ஆசிரியர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும், உட்கார்ந்திருப்பவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கணக்கு மேசையில் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டதும் கணினியைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். குழந்தை எதிர்பார்த்தபடி முன்னேறியிருக்கிறாள், பச்சைதான், கவலையே வேண்டாம் என்றார்.

முப்பத்தெட்டு எப்படிப் பச்சையாகும் என்று அம்மா கேட்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். பள்ளியில் சேரும்போது எல்லாருக்கும் ஒரு தொடக்கச் சோதனை வைப்பார்கள். அதை வைத்து ஒவ்வொரு வருடமும் இந்தப் பிள்ளை எவ்வளவு வாங்குவாள் என்று கணினி ஒரு அளவு குறித்துவிடும். அந்த அளவைத் தொட்டால் பச்சை. வாலுவுக்குக் குறித்திருந்த அளவு முப்பத்தைந்து. அவள் அதைத் தாண்டியே இருக்கிறாள்.

"தொடக்கச் சோதனையா?" என்றாள் அவள்.

அந்த நாள் அவளுக்கு அப்படியே கண்முன் வந்தது. சேர்ந்த முதல் வாரம் வாலு படிக்கட்டில் விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. பிறகு எழுதட்டுமே என்று அம்மா கேட்டதற்கு, இது சும்மா ஒரு சோதனைங்க, எதுக்கும் கணக்குல வராது, இடது கையால் முடிந்ததை எழுதட்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வாலு பாதித் தாளை வெறுமனே கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லாருமாகச் சிரித்தார்கள். அந்த வெற்றுத் தாளைத்தான் நான்கு வருடமாக என் பிள்ளை தாண்டிக்கொண்டிருந்தாளா? அவளுக்குக் காது மடல் சுட்டது.

மணி அடித்தது.

ஆசிரியர் காகிதங்களை அடுக்கினார், புன்னகைத்தார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நாற்காலியில் ஒட்டிக்கொண்ட ஆளை நோகாமல் கிளப்புவது அவளுக்கே தினசரிப் பிழைப்பு. காகிதம் அடுக்குவது, புன்னகை, பாதி எழுவது எல்லாம் அவளே செய்கிறவைதான். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா அவளுக்கு என்ன தெரியல, என்ன தெரியும்னு நீங்க பாத்தீங்களா சார்?"

அவர் அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லவா மேடம்? எனக்கு இருநூறு பிள்ளைங்க. சிவப்பு வந்தா தனி வகுப்பு வைக்கணும், ஏன் வந்துச்சுன்னு மேல பதில் சொல்லணும். பச்சையா இருந்தா அந்தப் பிள்ளையோட பக்கத்தை நான் திறந்தே பாக்கறதில்ல."

அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபம் இந்த மேசைக்கு அடங்காததாக இருந்தது. அப்படியானால் பச்சை என்பது பிள்ளையைப் பற்றிய சேதியே இல்லை. இந்தப் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று பள்ளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட அடையாளம். அதை அழகாக அச்சடித்து வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீட்டில் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி, பிள்ளை வாய் திறந்தபோதெல்லாம் அதைக் காட்டி மூடவைத்தார்கள்.

மறுபடி மணி அடித்தது. அவள் எழவில்லை. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாற்காலியை விலைக்கு வாங்கிவிட்டாளோ என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

துணைத் தலைமையாசிரியை வந்தார். இதமாகத்தான் பேசினார். தொடக்க அளவை மாற்ற முடியாதாம், கணினி அதைப் பூட்டிவிட்டதாம். எல்லாப் பிள்ளைகளும் டாக்டர் ஆகிவிட முடியாது, அவரவர் தரத்துக்கு ஏற்ற பிரிவு என்று ஒன்று இருக்கிறது என்றார். தரமா, மாவுக்கட்டின் தரமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அலுவலகத்தில் அன்று சொன்ன வார்த்தையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கணக்கு ஆசிரியர் மேசையைப் பார்த்தபடி, சிவப்பு வந்த மாணவன் ஒருவனுக்குத் தனி வகுப்பு வைத்ததில் அவன் ஒரே வருடத்தில் எழுபது வாங்கினான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். துணைத் தலைமையாசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது முறை மணி அடித்தபோது வரிசை வாசல்வரை போயிருந்தது. கூடமே இந்த மேசையைத்தான் வேடிக்கை பார்த்தது. துணைத் தலைமையாசிரியை குனிந்து அவள் காதருகே பேசினார். வாலுவின் இடத்தை முடிவு செய்யாமல் நிறுத்திவைக்கலாம். விடுமுறையில் இந்தக் கணக்கு ஆசிரியரே தனி வகுப்பு எடுப்பார். முடிவில் ஒரு தேர்வு. அதில் அறுபது வந்தால் அறிவியல் பிரிவு. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ஆனா இது உங்களுக்கு மட்டும்தான். மத்தவங்ககிட்ட சொல்லிக்க வேண்டாம், ப்ளீஸ்."

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அறுபது வருமா என்று தெரியாது. நான்கு வருடப் பாடத்தை ஒரு விடுமுறையில் முடிக்க வேண்டும், அந்தப் பாரம் கடைசியில் வாலு தலையில்தான். ஆனால் இந்த முறை அவள் புரியவில்லை என்று சொன்னால் கேட்க ஆள் உண்டு.

எழுந்து திரும்பினாள். வரிசையில் முதலாவதாக, உச்சுக் கொட்டிய அந்த மனிதர், கையில் சுருட்டிய அறிக்கையோடு நின்றிருந்தார். வேலைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்தவர்.

"உங்க பிள்ளைக்கும் பச்சையா அண்ணா?"

ஆமாம் என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"எவ்வளவு எதிர்பார்த்தாங்கன்னு கேளுங்க," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். "மணி அடிச்சா எழுந்திரிக்காதீங்க."