ஸ்க்ரூ இல்லாத ஓட்டை

அவசரக்குடுக்கை என்று அவனுக்குப் பெயர் வைத்ததே அக்கா புருஷன்தான். வண்டி நிற்கும் முன்பே இறங்குகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த மாமாவின் சாம்பலை மடியில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம்.

பயப்படாமல் என்ன செய்வான்? மாமா வெல்டர். பிழைக்கப் போன நாட்டில், அறையில் கூட இருந்தவன் லீவில் போயிருந்த சமயம் பார்த்து, தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். கதவை உடைப்பதற்குள் நாளாகிவிட்டது. அதே நாட்டில் வேறொரு ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த இவன் அடித்துப் பிடித்து ஓடினான். சவக்கிடங்கு அதிகாரி தடுத்துவிட்டார். "மூஞ்சியப் பாக்காதீங்க, தாங்க மாட்டீங்க. கைரேகை ஒத்துப்போகுது. உடம்பு ஊருக்கு அனுப்பற நிலையில இல்ல." இவன் தலையை ஆட்டினான். எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டான்.

போனில் அக்கா அலறினாள். "மூஞ்சியே பாக்காம கையெழுத்துப் போட்டியா? அவசரக்குடுக்கை! எவன எரிக்கச் சொல்லிட்டு வந்தியோ!" அதற்கப்புறம் அவள் போனை எடுக்கவே இல்லை.

அதோடு இவன் தூக்கமும் போயிற்று. ரேகை பார்த்தவன் தப்பாகப் பார்த்திருந்தால்? ஊர் பேர் தெரியாத எவனையோ சுமந்துகொண்டு போகப்போகிறோமா? தனக்கே நிச்சயமில்லாததை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது?

மின்மயானத்தில் பெட்டியை வாங்கப் போனபோது, அங்கே வேலை செய்த பெண் ஒரு சின்னப் பையையும் நீட்டினாள். "இது எரியாம மிஞ்சினது. தூக்கிப் போட்டுடலாமா?"

உள்ளே கறுத்துப்போன தகடு ஒன்று இருந்தது. எலும்பு முறிந்தால் வைப்பார்களே, அது. வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று மட்டும் காலி. அந்தக் காலி ஓட்டையை இவனுக்குத் தெரியும்.

இவன் ஓட்டிய ஸ்கூட்டரிலிருந்து விழுந்துதான் மாமாவின் கால் உடைந்தது. எலும்பு நொறுங்கிய இடத்தில் டாக்டர் ஸ்க்ரூ போடாமல் விட்டுவிட்டார். அந்த எக்ஸ்ரேயை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டி, "மச்சான் புண்ணியத்துல எனக்கு ஒரு ஸ்க்ரூ கம்மி" என்று சிரிப்பார் மாமா. எரிந்தது மாமாதான், சந்தேகமே இல்லை. பாழாய்ப்போன நிம்மதி! இவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

புறப்படும்போது விமான நிலையத்தில் காவலர் தகட்டை வெளியே எடுத்து, "இதைக் கொண்டுபோக முடியாது" என்றார். இது போய்விட்டால் அக்காவிடம் காட்ட என்ன இருக்கிறது? தன் காலைத் தொட்டு, பெட்டியைத் தொட்டு, பாஷை பாதி சைகை பாதியாகக் கெஞ்சினான். காவலர் பெட்டியையும் இவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

கார் நின்றது. பெட்டியோடு இறங்கினான். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத கார்லயே வச்சிட்டு வா. யாரோட சாம்பலோ, என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

பெட்டியைத் திரும்ப சீட்டில் வைத்து, டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். மாமாவின் சட்டைகள் தேய்த்து அடுக்கியிருந்தன. கட்டிலில் புது விரிப்பு. அக்கா கிட்டே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"உன்னத் திட்டினது தப்புடா தம்பி. யோசிச்சுப் பாத்தேன். நீ மூஞ்சியப் பாக்கல. அப்ப அவர்தான்னு என்ன நிச்சயம்? சொல்லாம கொள்ளாம வேற கம்பெனிக்கு மாறியிருப்பாரு. போனத் தொலச்சிருப்பாரு, அவர் லட்சணம் தெரியாதா? நீயே சொல்லு, ஆள் மாறியிருக்கலாம்ல?"

அடக் கடவுளே! நம்ப மாட்டாளே என்று வழியெல்லாம் பயந்தவனுக்கு, நம்பிவிடுவாளே என்று இப்போது பயம் பிடித்தது. சட்டைப்பையில் தகடு கனத்தது. 'இருக்கலாம்க்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இன்னும் கொஞ்ச நாள் சட்டை தேய்த்துக்கொண்டிருப்பாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவசரக்குடுக்கைக்கு அவசரமே வரவில்லை.

"என்னடா? சொல்லேன்!"

தகட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தடவிக்கொண்டே வந்தாள். காலி ஓட்டை வந்ததும் விரல் நுனியை அதில் வைத்து அழுத்தினாள்.

அழுவாள், அடிக்க வருவாள் என்று நினைத்தான். அவள் எழுந்து, செருப்புகூடப் போடாமல் விடுவிடுவென்று வெளியே போனாள். காரைத் திறந்து, பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உனக்கு அறிவிருக்காடா?" பின்னால் ஓடிவந்த தம்பியைப் பார்த்துக் கத்தினாள். குரல் உடைந்தது. "இவ்வளவு நேரமா மனுஷன வாசல்லயே உக்கார வச்சிருக்கியே!"

பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்து, "உள்ள வாங்க" என்றாள்.