அப்பா செய்த பாவமும் மகன் ஓட்டிய வேனும்

ரொட்டிக் கடைக்காரியின் மகனுக்கு ஒன்பது வயதானபோது அவன் அப்பா ஓடிப்போனார். ஓடிப்போகிறவர்கள் ஊர் அடங்கியபின் சத்தமில்லாமல் போவார்கள். இவருக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, பாடகர் குழுத் தலைவியை ஏற்றிக்கொண்டு, சபையின் வேனிலேயே போய்விட்டார். தலைவி இல்லாத பாட்டு தறிகெட்டுப்போனது. ஆண்கள் ஒரு சரணத்திலும் பெண்கள் அடுத்த சரணத்திலும் இருந்தார்கள். ஒருவழியாக ஆமென் சொல்லி வெளியே வந்தால், நடக்கமுடியாதவர்களை வீட்டில் இறக்கிவிட வேண்டிய வேன் நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய்க் கறைதான் மிச்சம்.

மனைவியை விட்டுப்போனதைச் சபை எப்படியோ ஜீரணித்துக்கொண்டது. வேனை எடுத்துக்கொண்டு போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வகுப்பில் டீச்சர், "உலகத்துக்குள்ள பாவத்தைக் கொண்டு வந்தது யாரு?" என்று கேட்டார். ஆதாம் என்று கத்த வேண்டிய பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"இவங்க அப்பா, டீச்சர்," என்றாள் முன்வரிசையில் இருந்த பெண்.

அன்றிலிருந்து அவன் பெயர் வேன். ஜென்ம பாவம் எல்லாருக்கும் பொது, ஆதாமிடமிருந்து வழிவழியாக ஆளுக்குக் கொஞ்சம் வருகிறது என்று போதகர் பிரசங்கத்தில் விளக்குவார். வேனுக்கு மட்டும் அது கலப்படமில்லாமல், நேராகத் தகப்பனிடமிருந்தே வந்து சேர்ந்ததாகச் சபையில் ஒரு நம்பிக்கை. காணிக்கைத் தட்டு கைமாறி வரும்போது அவனைத் தாண்டிப் போய்விடும். பாடகர் குழுவில் சேரலாமா என்று ஒருமுறை கேட்டான். "வேணாம் தம்பி, உங்க குடும்பத்துக்கும் பாட்டுக்கும் ஒத்துவராது," என்றார் சபைச் செயலர்.

அதனால் அவன் நல்லவனாக இருந்தே தீர்வது என்று முடிவு செய்தான். பார்க்கிறவர்களுக்கே அலுப்புத் தட்டுகிற அளவுக்கு நல்லவன். திருவிருந்து ரொட்டியை அவனே பிசைந்து சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பான். வளர்ந்து ஆளாகி, கடைக்கு ஒரு பழைய வேன் வாங்கியதும், ஞாயிறுதோறும் மாவுச் சாக்குகளை இறக்கிவிட்டு, முழங்கால் வலிக்காரர்களை ஏற்றிவந்தான். போதகர் எங்கே ஜெபிக்கப் போனாலும் வண்டியோட்டி அவன்தான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. ஒருவரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

செயலரின் மகள் தையற்கடை வைத்திருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் பிடித்துப்போய், விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, வருஷக்கணக்கில் அப்படியே நின்றது. "பையன் தங்கம்தான். ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்கே," என்று செயலர் கையை விரித்துவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அப்பா திரும்பிவந்தார். தலைக்கு மை பூசி, தொப்பை போட்டு, கையில் ஜிப் வைத்த உறையில் வேதாகமம். வேன் இல்லை. பாடகர் குழுத் தலைவியும் இல்லை. அவள் மூன்றாம் வருஷமே இவரைக் கழற்றிவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாளாம். அவர் முதலில் வந்தது ரொட்டிக் கடைக்கு அல்ல, போதகர் வீட்டுக்கு. போதகருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ ஊழியத்தில் இவ்வளவு பெரிய சைஸில் ஒரு பாவி அவர் வலையில் விழுந்ததே இல்லை.

ஞாயிறன்று அப்பா மேடையேறிச் சாட்சி சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னார். வேனின் கியர் மாறிய விதம், தலைவியின் கூந்தல் காற்றில் பறந்தது, கடற்கரை விடுதியில் தங்கியது என்று விஸ்தாரமாகப் போனது. சபையே இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டது. மனந்திரும்பிய கட்டம் வந்ததும் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"என் பாவமெல்லாம் அவர் சிலுவையில சுமந்து தீர்த்துட்டார்! இன்னிக்கு நான் சுத்தமான ஆளு!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. செயலர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். காணிக்கைத் தட்டை அன்று அப்பாவின் கையிலேயே கொடுத்தார்கள்.

கடைசி வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். மூக்கு வழியாக வெளியேறியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெஞ்சு குலுங்கச் சிரித்தான்.

"ஆவியானவர் இறங்கிட்டார்!" என்று மேடையிலிருந்து போதகர் கூவினார்.

அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் ஆவிக்குள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவன் எழுந்து வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை. தையற்காரி பின்னாலேயே வந்து கைக்குட்டையை நீட்டினாள்.

மறுநாள் காலை அப்பா கடைக்கு வந்தார். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கடவுளே என்னை மன்னிச்சிட்டார்பா," என்றார் மகனிடம். "நீ மன்னிக்க மாட்டியா?"

"நீங்க கடவுளையா விட்டுட்டுப் போனீங்க? எங்களைத்தானே விட்டுட்டுப் போனீங்க," என்றான் அவன். "அவருக்கு என்ன, ஈசியா மன்னிச்சிருப்பார். அவரை யாரும் வேன்னு கூப்பிடலயே."

மேடையில் அத்தனை சரளமாக ஓடிய அப்பாவின் வாய், இங்கே வெறுமனே திறந்து மூடியது.

அந்த நேரம் பார்த்துச் செயலர் முகமெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தார். பின்னாலேயே மகளும்.

"சம்பந்தி! இங்கதான் இருக்கீங்களா!" என்றார் அப்பாவைப் பார்த்து. பிறகு வேன் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, அப்பாவே கழுவப்பட்டாச்சு. இனிமே ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. தேதி குறிச்சிடலாமா?"

"அவர் கெட்டவரா இருந்தப்ப நானும் கெட்டவன். அவர் குளிச்சா எனக்கும் அழுக்குப் போயிடுமா மாமா?"

"அது வந்து, வேத சாஸ்திரப்படி பார்த்தா..."

"அப்பா, பேசாம இருங்க," என்றாள் தையற்காரி. "நான் இவரைத்தான் கட்டிக்கப்போறேன், இவங்க அப்பாவை இல்ல. தேதி நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம். பதிவு ஆபீஸ்ல ரத்தமெல்லாம் கேக்க மாட்டாங்க."

செயலர் மகளையும் ரொட்டி அலமாரியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒரு பன்னை எடுத்துக் கடித்தபடி வெளியேறினார்.

அடுத்த ஞாயிறு வேன் தன் வண்டியை எடுத்தான். முழங்கால் வலிக்காரர்களை வழக்கம்போல ஏற்றினான். அவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி சொல்லும் அசிங்கமான ஜோக்குகளுக்காக அவன் எத்தனை தூரமும் ஓட்டுவான் என்பது அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. போதகருக்கு மட்டும் பஸ் எண்ணைச் சொல்லிவிட்டான்.

அப்பா ஊரைவிட்டுப் போகவில்லை. தினமும் காலையில் கடைக்கு வந்து ஓரமாக நின்றார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். சும்மா நிக்காம அந்தத் தட்டையெல்லாம் தேய்ங்க."

அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேய்த்த தட்டுகளில் பாதி அழுக்கு அப்படியே இருந்தது. அம்மா அவற்றைத் திரும்ப அவர் முன்னால் போட்டாள். அவர் திரும்பத் தேய்த்தார். அடுத்து எதை எடுக்கலாம் என்று தேடியவர், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தட்டை வெறுங்கையால் பிடித்துவிட்டார்.

தட்டு தரையில் விழுந்தது. கூடவே, அச்சில் ஏற்றமுடியாத ஒரு வார்த்தையும் விழுந்தது. சாட்சி சொன்ன அதே வாய்தான்.

அம்மா சிரித்தாள். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

"இப்பத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கு," என்றாள். "கையைக் குழாய்த் தண்ணியில காட்டுங்க, கொப்பளிக்கப்போவுது."