மலையடிவாரக் காட்டு மண்

வெட்டிக்கொண்டிருந்த கிடங்கு கதிர்காமுவின் முழங்காலைத் தாண்டியபோது வெயில் கல்மதிலுக்கு மேலே வந்துவிட்டது. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். கிழக்குப் பக்கச் சுவர் மட்டும் கேக் வெட்டியதுபோல் நேராக நிற்க வேண்டும், அதன் விளிம்பில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் மண்வெட்டியைச் சரித்துப் பிடித்து அந்தச் சுவரைச் சீவினார். வெட்டிப் போட்ட மண்ணைச் சோளகக் காற்று கிளப்பி அவர் முதுகிலேயே கொட்டியது.

கிடங்குக்கு இடம் எடுக்க எட்டுக் கத்தரிச் செடிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. இராசமணி அவற்றின் வேரை ஈரச் சாக்கில் சுற்றி மதில் நிழலில் வைத்திருந்தாள். காய் பிடித்த செடி மறுபடி ஊன்றாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சுற்றினாள்.

“ஊரில ஆரும் கிடங்கு வெட்ட வேற ஆளைத்தான் பிடிப்பினம்,” என்றாள் மேலே நின்று. “உங்களுக்கு வெட்டுற கிடங்கை உங்களைக் கொண்டே வெட்டுவிக்கிறார் அந்தக் கடைக்கார மனிசன். நீங்களும் குனிஞ்சு குனிஞ்சு வெட்டுறியள்.”

“வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும். இண்டைக்கு ஒரு நாள்.”

காணி அவர்களுடையதல்ல, ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பத்துடையது. இரண்டாயிரத்துப் பத்தில் முகாமிலிருந்து புங்குடுதீவுக்குத் திரும்பி வந்தபோது, ‘வெறும் கல்லுத்தானே, செய்து சாப்பிடுங்கோ’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடதாசி ஒன்றும் இல்லை. பதினைந்து வருடம் கழித்து, சூரியத் தகடு பதிக்கும் கம்பனி ஒன்று வெயிலும் வெறுங்காணியும் தேடித் தீவுக்கு வந்தது. வெயில் எல்லோரிடமும் இருந்தது. சொந்தக்காரருக்குப் பதிலாகக் காணியைக் கொடுக்க உரிமை தரும் அற்றோணிப் பத்திரம், இறுப்பிட்டிச் சந்தியில் சீமெந்தும் தகரமும் விற்கும் சிவகுருவிடம் இருந்தது.

ஒரு தடைதான். கமத்துக்கு உகந்த நிலம் என்று விவசாயத் திணைக்களம் எழுதிவிட்டால் கம்பனிக்குக் கொடுக்க முடியாது, பயிர் செய்பவரைக் காணியிலிருந்து எழுப்பவும் முடியாது. அதைப் பார்த்து எழுதத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து இன்று அலுவலர் வருகிறார்.

கிடங்கு எங்கே வெட்டுவது என்பதில் முதல் நாள் பெரிய இழுபறி நடந்திருந்தது. சிவகுரு தெற்கு மூலையைக் காட்டினார். அங்கே மண்வெட்டி போட்டால் நெருப்புப் பறக்கும்.

“அதில ஏலாது,” என்றாள் இராசமணி. “வெட்டுறதெண்டால் கத்தரிப் பாத்திக்குள்ள வெட்டுங்கோ. மண் பாக்க வாறவ மண்ணைப் பாக்கட்டும். கல்லுப் பாக்கிறதெண்டால் உங்கட கடையில பாக்கலாம்.”

சிவகுரு அவளைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், காதைக் குடைந்தார். “சரி. நீங்களே காட்டுங்கோ இடத்தை. பிறகு நான் கள்ள வேலை பாத்தனான் எண்டு கதைக்கப்படாது.”

ஒரு கிலோ ஆணிக்கு அரை மணி நேரம் நின்று பேரம் பேசுகிற மனிதர் இவ்வளவு விரைவில் இறங்கியதை அவர்கள் கண்டதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கதிர்காமு சிரித்துக்கொண்டே போனார். அவள் மட்டும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பத்தரைக்குச் சிவகுருவின் ஓட்டோ வந்தது. பின்னால் இருந்து இறங்கியவள் பிரேமினி, மண் பார்க்க வந்த அலுவலர். முப்பது வயது இருக்கும். தொப்பி, சப்பாத்து, தோளில் ஒரு பை, கையில் சிவகுரு வாங்கிக் கொடுத்த சோடாப் போத்தல்.

“குறிகட்டுவானில இருந்து வாற பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்க வேணும்,” என்றாள் வந்ததும். “ஆர் கிடங்கு வெட்டினது? நல்லா வெட்டியிருக்கிறார்.”

“நான் பிடிச்ச ஆள் பிழை விடாது,” என்றார் சிவகுரு.

கதிர்காமு கையைக் கொடுத்து அவளைக் கீழே இறக்கினார். அவள் அளவுநாடாவைச் சுவரில் தொங்கவிட்டு, கத்தி முனையால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தாள். மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, பையிலிருந்த தண்ணீரால் நனைத்து, பெருவிரலால் தேய்த்தாள். நிறக் கட்டங்கள் நிறைந்த சிறு புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டாள். பிறகு ஒரு துண்டை உடைத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

“இஞ்ச இப்பிடி ஒரு மண் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை,” என்றாள்.

இராசமணி புருசனைப் பார்த்தாள். அவர் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

“நாங்கள் படிக்கேக்க மாத்தளைப் பக்கம் மலையடிவாரக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கிடங்கு வெட்டிக் காட்டினவை,” என்றாள் பிரேமினி, படிவத்தை மடியில் விரித்தபடி. வேலை கைவந்துவிட்டதால் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “இந்தப் படிவமே அந்த மண்ணைப் பாத்து அடிச்சதுதான். மேல காஞ்ச சருகு. அதுக்குக் கீழ பாதி உக்கினது, நரம்பு மட்டும் மிஞ்சின இலை. பிறகு ஒரு சாண் கறுத்த மண், கையில எடுத்தால் கடலைப் பருப்பு மாதிரி உதிரும், புழு ஓட்டை முழுக்க. அதுக்குக் கீழ மண்ணிறம். அதுக்கும் கீழ சிவத்த களி, நனைச்சு உருட்டினால் திரி மாதிரி நீளும். அடியில உக்கின பாறை. பாறைதான், ஆனால் நகத்தால சுரண்டலாம். மழை எவ்வளவு பெய்தாலும் குடிச்சுக்கொண்டு கிடக்கும்.”

“உது எத்தினை வருசத்தில வந்தது, பிள்ளை?” என்று கேட்டாள் இராசமணி.

“ஆயிரக்கணக்கில. மரம் தன்ர பாட்டில இலையைக் கொட்டும், மண் தன்ர பாட்டில வளரும்.”

“குடுத்து வைச்ச மண்.”

பிரேமினி சுவரை மறுபடி பார்த்தாள். இரண்டடிக்குக் கறுப்பு. அதன் கீழே உடைந்த சுண்ணாம்புக் கல்லும் மண்ணும் கலந்த ஒரு படை. அடியில் முழுக்கல். சுண்ணாம்புதானா என்று பார்க்கக் கல்லில் இரண்டு துளி அமிலம் விட்டாள். சோடாவைப்போல் நுரைத்தது. “முதலாம் படை, இருபத்துநாலு அங்குலம், கடும் மண்ணிறக் கறுப்பு, உதிரி,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் பேனா போயிற்று. அந்தக் கட்டத்தில்தான் உகந்தது, உகந்ததல்ல என்று இருந்தது.

சிவகுரு கிடங்கின் விளிம்பில் குந்தினார். ஒரு ஈர்க்குச்சியால் சுவரைச் சும்மா குத்துவதுபோல் குத்தினார். முழங்கையளவு ஆழத்தில் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது.

“மிஸ், உதென்ன? மாத்தளைக் காட்டிலயும் உது கிடந்ததோ?”

பிரேமினி அதைப் பிடித்து இழுத்தாள். நீல நைலோன் கயிறு. மீன் வலையில் அறுத்தது. இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுக்குள் பனையோலை நரம்பு நாலைந்து, கறுத்துப்போய், தொட்டதும் பொடிந்தது. அவள் கத்தியால் பக்கத்தில் கிளறினாள். இன்னொன்று வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று, வரிசையாக.

“இது எப்பிடி இதுக்குள்ள வந்தது?”

“காத்துக்கு வந்திருக்கும்,” என்றார் கதிர்காமு. “கடற்கரைதானே.”

“காத்து முடிச்சுப் போடுமோ, கதிர்காமு?” என்றார் சிவகுரு. “நல்ல கெட்டிக்காரக் காத்து. எனக்கும் கடையில சாமான் கட்ட ஒரு ஆள் தேவை.”

“நான் கட்டினது,” என்றாள் இராசமணி.

“எடி, பேசாமல் இரு,” என்றார் கதிர்காமு.

“ஏன் பேசாமல் இருக்க? களவெடுத்ததே?” அவள் கிடங்கின் விளிம்புக்கு வந்துவிட்டாள். கால் வைக்கக் கூடாத பக்கம். “பிள்ளை, நாங்கள் வரேக்க இதில நாலு விரல் மண். அலவாங்கு போட்டுக் கல்லைப் பிளந்தனாங்கள். உந்த மதில் முழுக்க இதுக்குள்ள கிடந்த கல்லு. வருசா வருசம் மழைக்கு முந்தி மண்ணுக்குள்ள பனையோலை தாட்டனாங்கள். கட்டுக் கட்டாக் கட்டி, வரிசையா அடுக்கி, மேல கடற்கரையில ஒதுங்கிற சாதாழை, ஆட்டுப் புழுக்கை, பிறகு மண். நாரில கட்டியிருக்க வேணும். நார் உரிக்க எங்க நேரம்? சில்வெஸ்ரர் அண்ணை பழைய வலை தந்தவர், அதில கட்டினன். அது உக்காதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினன்.”

சிவகுரு எழுந்து வேட்டியைத் தட்டினார். “நான் ஒண்டும் சொல்லேல்லை, மிஸ். அவவே சொல்லுறா.”

பிரேமினி பேனாவை மூடினாள். மேலே ஏறி, மதிலைத் தாண்டி, வெளிக்காணியில் கத்தியைக் குத்தினாள். நாலு விரலில் ‘டங்’ என்றது. மூன்று இடத்தில் குத்தினாள். மூன்றிலும் அதே சத்தம். திரும்பி வரும்போது அவள் முகம் பழையபடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளின் முகமாக இருந்தது.

“அம்மா, படிவத்தில இயற்கை மண்ணைத்தான் எழுதலாம். நீங்கள் கொண்டுவந்து நிரப்பினதை மண்ணெண்டு எழுத ஏலாது. நிரப்பின பொருளெண்டுதான் எழுத வேணும்.”

“அங்க இலை தானா விழுந்தால் மண். இஞ்ச நான் சுமந்து வந்து தாட்டால் குப்பையோ?”

“நான் குப்பையெண்டு சொல்லேல்லை.”

“அப்ப கத்தரிக்காய் என்னத்தில காய்ச்சது? படிவத்திலயோ?”

“மிஸ்ஸோட மரியாதையாக் கதையும், இராசமணி,” என்றார் சிவகுரு. “அவ படிச்சதை எழுதுறா. நேற்று எந்த இடமெண்டு காட்டினது ஆர்? நான் தெற்கு மூலையைக் காட்டினனான். அதில வெட்டியிருந்தால் நைலோனும் இல்லை, ஒண்டும் இல்லை, மெல்லிசாயெண்டாலும் மண்ணெண்டு எழுதியிருப்பா. நீங்கள்தான் அடம்பிடிச்சனீங்கள்.”

இராசமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “போன புரட்டாதியில ஓலை தாட்டுக்கொண்டிருக்கேக்க மதிலடியில நிண்டு பாத்தனீங்கள் எல்லே? ‘நல்லாக் கட்டுறாய்’ எண்டும் சொன்னனீங்கள்.”

“நல்லாக் கட்டினதை நல்லாக் கட்டினதெண்டு சொல்லுறதும் குற்றமோ?”

பிரேமினி சோடாவின் மிச்சத்தை நின்றபடியே குடித்தாள். எழுதியதை வெட்டி, பக்கத்தில் எழுதினாள்: மேல் இருபத்துநாலு அங்குலம் நிரப்பிய பொருள். இயற்கை மண் மூன்று அங்குலம். கமத்துக்கு உகந்ததல்ல. கறுத்த மண்ணில் ஒரு கிலோ அள்ளிப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பெயர் ஒட்டினாள். நைலோன் முடிச்சையும் அதற்குள் போட்டாள்.

“கிடங்கை மூடேக்க அடியில எடுத்ததை அடியில போடுங்கோ, மேல எடுத்ததை மேல,” என்றாள் கதிர்காமுவிடம். “தலைகீழாப் போட்டால் பழுதாப் போயிடும்.”

“என்ன பழுதாப் போயிடும், பிள்ளை?” என்று கேட்டார் கதிர்காமு.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். ஓட்டோ புறப்பட்டது.

ஐப்பசியில் கம்பனி முட்கம்பி அடித்தது. தகடு தாங்கும் இரும்புக் கால்களைக் கல்லில் துளைத்து இறக்க வேண்டும், மேலே இருக்கிற உதிரி எல்லாம் வழிக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் மண் ஏற்றும் உழவுயந்திரப் பெட்டி வந்து வந்து போயிற்று. கதிர்காமுவை அள்ளக் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவர் போகவில்லை. இரண்டாம் நாள் போனார். மண் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, உழவுயந்திரம் ஓட்டிய ஜெனுஷன், “உதிரி எண்டுதானே சொன்னவை, எங்கயும் பள்ளத்தில கொட்டுவினம்,” என்றான்.

மார்கழியில் ஒருநாள் காலை, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காக இராசமணி இறுப்பிட்டிச் சந்தியில் நின்றாள். கொக்குவிலில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மழை தூறியது. ஒதுங்க இடம் சிவகுருவின் கடைத் தாழ்வாரம்தான். உள்ளே, வெளிநாட்டிலிருந்து வந்து புது வீடு கட்டிய ஒருவர் பூச்சட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மண் எப்பிடி?” என்று அவர் கேட்பது கேட்டது.

“கையில எடுத்துப் பாருங்கோ,” என்றார் சிவகுரு. “கடலைப் பருப்பு மாதிரி உதிரும். காட்டு மரம் தன்ர பாட்டில இலையைக் கொட்டி, ஆயிரம் வருசமா உக்கின மண். உந்தத் தீவுக் கல்லில உப்பிடி மண் பாக்க ஏலுமே?”

தாழ்வாரத்தில் மூடைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாய் தைத்த புதுச் சாக்கு. மேலே மட்டையில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டிருந்தது: மாத்தளை மலையடிவாரக் காட்டு மண்.

கீழ் மூடையின் தையலில் நீலமாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இராசமணி குந்தினாள். இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. பிறகு முடிச்சு வந்தது, இரட்டை முடிச்சு, அதன் பின்னால் ஒரு பிடி கறுத்த மண் அவள் செருப்பில் கொட்டியது.

“ஆர் அது மூடையில கை வைக்கிறது?” சிவகுரு உள்ளேயிருந்து தலையை நீட்டினார். அவளையும் அவள் கையிலிருந்த முடிச்சையும் பார்த்தார். பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: “கொட்டினதை அள்ளிப் போட்டிட்டுப் போம், இராசமணி. விலைப்பட்ட சாமான்.”

பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவள் குந்தியபடியே, ஈரச் சீமெந்தில் சிந்திய மண்ணை இரண்டு கையாலும் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.