ஒரு வாரத்தில் மறைவது

பாகூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். கேமரா முன்னால் வந்து உட்காருகிற யாருக்கும் தன் முகம் வேண்டாம். தனக்குப் பிடித்த முகம்தான் வேண்டும். வழுக்கைத் தலையோடு வந்தவர் முடி கேட்பார். மாநிறத்தில் லட்சணமாக இருக்கிற பெண்ணைப் பெற்ற தாயே பக்கத்தில் நின்று, "கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடும்மா" என்பாள். சுகன்யாவின் புருஷன் கலைச்செல்வன் இதிலெல்லாம் பெரிய தாராளம். படம் எடுப்பது அவன், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துவது அவள். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துடி" என்று அரித்தெடுப்பான். அவன் கையில் விட்டால் பாகூர் ஏரிக்கரை எருமைகூட எலுமிச்சம்பழ நிறத்தில் வந்து நிற்கும்.

சுகன்யாவுக்கு அது ஆகாது. அவளுக்கென்று ஒரு நியாயம் வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் தானாக மறையப்போவதை எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, சவரம் பண்ணின கீறல், தூக்கமில்லாத கண்ணின் வீக்கம். ஆயுசுக்கும் கூட வரப்போவதைத் தொடக்கூடாது: மச்சம், அம்மைத் தழும்பு, தெத்துப்பல். மாப்பிள்ளையின் மச்சத்தை எடுக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்த ஒரு மாமனாரிடம், "மச்சம் போச்சின்னா அது உங்க மாப்ளயே இல்லீங்க, வேற யாரோ" என்று அவள் சொன்னதைக் கடைத்தெருவில் கொஞ்ச நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. நாம் நியாயமாகத்தான் நடக்கிறோம் என்கிற நினைப்பைப்போல மனுஷரை நிம்மதியாகத் தூங்கவைக்கிற மருந்து வேறு கிடையாது.

அந்தத் தூக்கத்தைக் கெடுக்க வந்தவர் கரையாம்புத்தூர் விஜயராஜின் சித்தப்பா. நெல்லும் கரும்புமாக நிலபுலம் உள்ள குடும்பம். அவர்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும் கலைச்செல்வனைத்தான் கூப்பிடுவார்கள்.

"நம்ம விஜயராஜி பொண்டாட்டி செல்வகுமாரி வளைகாப்புல ஒத்தையா உக்காந்துகினு எடுத்துதில்ல, அந்தப் படத்த பெருசாப் போட்டுக் குடும்மா. ஞாயித்துக்கெழம பண்டசோழநல்லூருக்குப் பேச்சுக்குப் போறோம்" என்றார்.

"இன்னா பேச்சுங்க?"

அவரே சொல்லத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது. பிரசவத்துக்குத் தாய் வீடு போன செல்வகுமாரி, பிள்ளை தவழ ஆரம்பித்தும் திரும்பி வரவில்லையாம். புருஷன் அடிக்கிறான் என்கிறாளாம்.

"எப்ப அடிச்சான்னு கேட்டா, வளைகாப்புக்கு மொத நாளு கன்னத்துல அறைஞ்சான்னு சொல்லுது. மறுநாளு காலையில, சந்தனம் பூசறதுக்கு முன்னாடி எடுத்த படம் இது. மூஞ்சியப் பாரு, தொடச்சிவெச்ச குத்துவெளக்காட்டம் இருக்குது. ஒரு தடம் உண்டா? மனுஷன் பொய் சொல்லுவான், போட்டோ பொய் சொல்லுமா? இத நடுக்கூடத்துல வெச்சிக் கேட்டா அவங்கப்பனே கையப் புடிச்சி அனுப்பிவெச்சிருவாரு."

சுகன்யாவின் கை மவுஸின் மேல் நின்றுபோனது. அவளுக்கு ஞாபகம் வந்தது என்று சொல்ல முடியாது; மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. இடது கன்னத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள். வீட்டு வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. கலைச்செல்வனின் பெரிய விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது, பவுடருக்கு அடியிலிருந்து நீலம் பாரித்துத் தெரிந்தது. இதுவும் ஒரு வாரத்தில் மறைந்துவிடும் என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள்தான் எடுத்தாள். அவளுடைய நியாயத்துக்கு அது சரியாகவே பொருந்தியிருந்தது.

அதைவிடக் கேவலம், இப்போதும் வாயைத் திறக்காமல் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு உறையில் வைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் போனபிறகு கலைச்செல்வனைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்த ஒரிஜினல் எங்கன்னா இருக்குதா?"

"வருஷம் ஆவப்போவுது. கேமரா கார்ட அப்பவே அழிச்சாச்சி. நீ முடிச்ச படந்தான் இருக்குது. ஏன்?"

சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நமக்கெதுக்குடி அது? அவங்க வூட்டு விசேஷம் ஒண்ணு போனா அந்தத் தெருவே போயிரும். பருவ எடுக்கற மாதிரி அதையும் எடுத்துட்ட. உன் வேல அது. நீயா அடிச்ச?"

அவன் கெட்டவன் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் "நீயா அடிச்ச" என்பது சோற்றில் கிடந்த கல் மாதிரி அவளுக்குப் பல்லில் மாட்டிக்கொண்டது. அடித்தவன் ஒரு தடவை அடித்தான், நானோ அந்தத் தடத்தையே இல்லாமல் பண்ணிவிட்டேனே என்று அடுப்படியிலும் கடையிலும் அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பண்டசோழநல்லூருக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

செல்வகுமாரியின் அப்பா சிவப்பிரகாசம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். விஜயராஜ் தலை குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கலியம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். படம் ஒரு நாற்காலியில், வந்த விருந்தாளியைப்போல உட்கார்ந்திருந்தது. செல்வகுமாரி சமையலறை வாசலில் மடியில் பிள்ளையோடு இருந்தாள். சுகன்யாவின் குடும்பம் அந்த வீட்டு வயலில் நடவு நட்ட குடும்பம். வாசல்படியோடு நின்றவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் படம்... அது நான் தொடச்ச படங்க" என்றாள்.

முதலில் சுதாரித்தவர் சித்தப்பாதான்.

"இன்னாத்த தொடச்ச?"

"கன்னத்துல என்னவோ தடம் மாதிரி இருந்துச்சிங்க. எல்லாருக்கும் எடுக்கற மாதிரி எடுத்துட்டேன். நான்... சரியா கவனிக்கல."

கடைசி வார்த்தை பொய். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உண்மை, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளும் இடம் வந்ததும் நாக்கில் வழுக்கிவிட்டது.

"கவனிக்கலல்ல? அப்ப பருவா இருந்திருக்கும், கொசு கடிச்சிருக்கும்" என்று சித்தப்பா சிரித்தார். "கேட்டுகினீங்களா சம்பந்தி? போட்டோக்காரம்மாவே சொல்லிட்டாங்க."

சிவப்பிரகாசம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மகளை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லப்போகிறவரின் முகம் அது. செல்வகுமாரி சுகன்யாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் இல்லை.

"இல்லீங்க" என்றாள் சுகன்யா. "கவனிச்சேன். நாலு வெரலுங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சிது. மேல் வெரலு ஜிமிக்கிக்குப் பின்னால வரைக்கும் போயிருந்துச்சி. ஜிமிக்கி கெட்டுடாம அத எடுக்கறதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சி. மோதரம் பட்ட எடம் மட்டும் கருத்துப்போயிருந்துச்சி. வெரலுன்னு தெரிஞ்சிதாங்க எடுத்தேன்."

"ஆதாரம் இருக்குதா?" என்று சித்தப்பா எழுந்தார்.

"இல்லீங்க. ஒண்ணும் இல்ல. நான் பாத்ததுதான்."

"ஆதாரம் இல்லாம வாய்க்கு வந்தத பேசுனா..."

கலியம்மாள் வெற்றிலையைக் கீழே வைத்தாள். "வுடுங்க, போதும்" என்றாள். அன்றைக்கு மருமகளுக்குப் பவுடர் போட்டுவிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிவப்பிரகாசம் தன் சம்பந்தியம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து அந்தப் படத்தை நாற்காலியிலிருந்து எடுத்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்.

"பொண்ணு வராது. நீங்க பொறப்படுங்க" என்றார்.

சுகன்யா வெளியே வந்து ஸ்கூட்டியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். செல்வகுமாரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சுமையை இறக்கிவிட்டோம் என்று சுகன்யாவுக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்திருந்தது.

"மன்னிச்சிக்கம்மா" என்றாள்.

செல்வகுமாரி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க ஆல்பம் கொண்ணாந்து குடுத்தன்னிக்கி மொதல்ல இந்தப் படத்தத்தான் எடுத்துப் பாத்தேங்க்கா. கன்னத்துல அது இல்ல. அப்பாவுக்குத் தெரியல, அம்மாவுக்குத் தெரியல, வந்த சனத்துல ஒருத்தருக்கும் தெரியல. ஆனா தொடச்சிருக்குதுன்னா ஒருத்தங்க பாத்திருக்கணுமில்ல? நீங்க பாத்துட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? இன்னா ஆச்சின்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு ஒங்க மொகத்தையே பாத்துகினு நின்னேன்."

பிள்ளை அவள் காது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் விரல்களை மெல்ல விலக்கினாள்.

"மொகம் சூப்பரா வந்திருக்குது, பூரிப்பு தெரியுதுன்னு சொல்லிட்டுப் போனீங்க" என்றாள்.