ராயப்பனின் குமிழும் எமல்டாவின் குமிழும்

ராயப்பனின் சத்தத்தையும் எமல்டாவின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் கிதாரில் இருந்தன. மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி குமிழ்களைச் சுவரில், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் பொருத்துவார்கள். இது வாடகை வீடு. ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது ஹவுஸ் ஓனர் ஸ்டெல்லா டீச்சரின் கண்டிப்பு. டீச்சர் சுவருக்குள்தான் குடியிருந்தார். ஏமாற்ற வழியில்லை.

ராயப்பனின் எலக்ட்ரிக் கிதாரில் ஏற்கனவே இரண்டு குமிழ்கள் இருந்தன. மேலே இருப்பது அவனுக்கு, கீழே இருப்பது அவளுக்கு என்று கல்யாணத்தன்றே முடிவாயிற்று. தூத்துக்குடியில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் காலைப் பூசையில் நடந்ததுதான் விஷயம்.

ராயப்பன் கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவன். விரல் கம்பியில் பட்டால் வாய் தானாகத் திறந்து பாடும். அதைக் கேட்டு ஒருமுறை அந்தோணியார் சுரூபம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. திருப்பி வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதிலிருந்து, கோயிலுக்குள் நுழையும் முன் தன் குமிழை சைபருக்கு இறக்கிவிடுவான். சாமியாரின் உத்தரவு.

அன்று பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கும் முறை எமல்டாவுக்கு. பல வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசக மேடை ஏறினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசி வரி வரை விடாமல் வாசித்தாள். சனங்கள் சரியான இடத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

கோயில் வாசலில் ராயப்பன் தன் குமிழை ஏற்றினான். எமல்டாவின் அழுகை கூடவே ஏறி வந்தது.

"சாயங்காலப் பூசையில இன்னொரு தடவை வாசிம்மா," என்றார் சாமியார். "அதுலயும் கேக்கலன்னா மிக்கேலம்மாளுக்குக் குடுத்துருதேன்."

"அவங்க செத்துட்டாங்களே சாமி."

"குரல் நல்லாருக்கு."

வீட்டுக்கு வந்ததும் எமல்டா சொன்னாள்: "நீங்க குறைச்சா நானும் போயிருதேன்."

"உன் குமிழ் முழுசா இருக்கே?"

"குமிழ் இருக்கு. நான் இல்ல."

ராயப்பன் கிதாரின் பின்மூடியைத் திறந்து ஸ்ப்ரே அடித்தான். குமிழின் கரகரப்பு போயிற்று. எமல்டாவின் இருமலும் போயிற்று. கோளாறு மட்டும் போகவில்லை.

சண்டை போட்டுவிட்டு அவன் தன் குமிழை இறக்கிவிட்டுப் படுத்த நாட்களில் எல்லாம் அவளும் பேசியதில்லை. பணிந்து போகிறாள் என்று நினைத்திருந்தான். நண்பர்களிடம் பெருமையடித்தும் இருந்தான். இப்போது வெட்கமாக இருந்தது.

இருவரும் கிதாரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தார்கள். நடக்க நடக்கக் கடை நீண்டது. கடைக்காரர் நாற்காலியோடு பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எமல்டா சலித்துப்போய் நின்றாள். உடனே கடைக்காரர் எதிரில் இருந்தார்.

மீட்டரின் ஒரு முனையை ராயப்பனின் நாக்கிலும் இன்னொன்றை எமல்டாவின் வளையலிலும் வைத்தார். மீட்டர் கீச்சென்றது.

"கன்ட்ரோல் குமிழு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒயர்தான் மாறிக் கெடக்கு. ஒவ்வொரு குமிழுக்கும் மூணு காலு. உங்க சத்தம் ஓரக்கால்ல ஏறி நடுக்கால் வழியா வெளிய போவுது. நீங்க சைபருக்கு வந்தா, வெளிய போற வழியே எர்த்துல இறங்கிரும். அக்காவுக்கும் அதே வழிதான."

"என்ன செய்யணும்?"

"ஒயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. நடுக்கால்ல ஏறி ஓரக்கால்ல வெளிய போகட்டும். அப்ப நீங்க மட்டும் இறங்குவீங்க. அக்கா கன்ட்ரோலையும் அதே மாதிரி மாத்திருங்க. இல்லன்னா அவங்க குறைச்சா நீங்க போயிருவீங்க."

"நான் ஒருநாளும் போனதில்லையே."

"அவங்க குறைச்சிருக்க மாட்டாங்க."

வீட்டுக்குத் திரும்பினார்கள். எமல்டாதான் ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். அவனுடைய ஒயர்களைக் கழற்றியதும் அவன் சத்தம் தரையில் சும்மா கிடந்தது. ஒரு பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"என்ன வாசம்?" என்றார் டீச்சர், சுவருக்குள்ளிருந்து.

"ஈயம், டீச்சர்," என்றாள் எமல்டா.

"சுவத்துலயா?"

"கிதார்ல."

"சரி."

இடம் மாற்றிப் பற்றவைத்ததும் ராயப்பனுக்குத் தொண்டை சூடாயிற்று. "ம்" என்று பார்த்தான். வந்தது.

"உன்னுதையும் மாத்திருவோம்," என்றான்.

எமல்டா சூட்டுக்கம்பியைக் கீழே வைத்தாள். "அது கெடக்கட்டும்."

"நீ குறைச்சன்னா நான்…"

"தெரியும்," என்று பின்மூடியைத் திருகி மூடினாள்.

சாயங்காலப் பூசையில் ராயப்பன் சைபருக்கு இறங்கினான். எமல்டா ஏறி வாயைத் திறந்தாள். குரல் கூரை வரை போய் இடித்தது. புறாக்கள் பறந்தன. மிக்கேலம்மாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். வாசகம் முடிந்தபோது சனங்கள் பதில் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ராயப்பன் சத்தமில்லாமல் அழுதான். சந்தோஷம் தாங்கவில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் தன் குமிழை முழுசாக ஏற்றினான். நல்லா வாசிச்ச என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

எமல்டா கையை நீட்டித் தன் குமிழை சைபருக்கு இறக்கினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

ராயப்பன் சொன்னான். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாகச் சொன்னான். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான். கீழ்க்குமிழ் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவன் தொடவில்லை. சொல்லிக்கொண்டே போனான்.