நாலாவது ஆள்

கதீஜாவைப் பார்த்த முதல் நாளே சபூராவுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றே ஆயுசில் பாதியைக் கழித்தவள் அவள். துணி கைக்கு வந்ததும் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தேடியே பழகிய கண். வேலையை விட்டுக் கோயமுத்தூர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதிரே வந்து உட்காருகிற மனுசர்களையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

கணவர் இருந்தபோது ஹஜ்ஜுக்குப் போக வாய்க்கவில்லை. மகன் அய்மனுக்குப் பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அவ்வளவு நாள் லீவு தரமாட்டார்கள். ஆண் துணை இல்லாத பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போகலாம் என்று கேள்விப்பட்டதும் சபூரா ஆள் சேர்க்க ஆரம்பித்தாள். நாத்தனார் மைமூன் வந்தாள், எதிர்வீட்டு ஜுலைகா வந்தாள். நாலாவதுக்கு ஆள் அகப்படவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் நசுருதீன்தான் கதீஜாவைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டார்.

"அந்தியூர்க்காரங்கம்மா. வீட்டுக்காரர் அமீர் ஹம்சா, சந்தைக்கு வர்ற குதிரைங்களுக்குச் சேணம் தைச்சுக் குடுத்துட்டிருந்தாரு. மவுத்தாகி ரெண்டு வருசம் ஆகுது. புள்ளை குட்டி இல்லை. நல்ல மாதிரிங்க" என்றார்.

நல்ல மாதிரி என்று மற்றவர் சொன்னால் போதுமா? ஒரே விண்ணப்பத்தில் போகிறவர்களை ஒரே கவர் என்பார்கள். ஒரே அறை, ஒரே கூடாரம், ஒரே பஸ். அதில் ஒருத்தி ஏதாவது ஏடாகூடம் செய்தால் மற்ற மூன்று பேரும் அல்லவா பதில் சொல்லி நிற்க வேண்டும்?

கோயமுத்தூர் கோட்டைமேட்டு மண்டபத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. அட்டையில் மக்காவின் கஅபா மாதிரி செய்து நடுவே வைத்திருந்தார்கள். பெண்கள் அதைச் சுற்றி வந்து தவாப் பழகினார்கள். "லப்பைக், அல்லாஹும்ம லப்பைக்" என்று ஹஜ் முழக்கத்தை எல்லோரும் குரலெடுத்துச் சொன்னபோது கதீஜாவின் உதடு மட்டும் அசைந்தது. சபூரா பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தாள். சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள்.

"உங்க அத்தா எந்த ஊருங்க? என்ன பேருங்க?"

"அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கதீஜா கைகழுவ எழுந்தாள். கேட்டது அப்பாவின் ஊரும் பேரும். அதற்கா பதில் இது?

மதியத்துக்குமேல் மார்க்கம் படித்த ஆலிம் ஒருவர் பேசினார். "ஹஜ்ஜுக்குக் கிளம்பறதுக்கு முன்னால, யார் மனசையாவது நோகடிச்சிருந்தா நேர்ல போய் மன்னிப்பு, அதான் பொருத்தம், கேட்டுருங்க. அல்லாவுக்கு நாம வெச்ச குறையை அவன் மன்னிப்பான். மனுசருக்குச் செஞ்சதை அந்த மனுசர்தான் பொருந்திக்கணும். மனசுல பாரத்தை வெச்சுக்கிட்டு ஹாஜிங்க எல்லாரும் கூடி அல்லாகிட்ட மன்னிப்புக் கேக்கற அரபா மைதானத்துல போய் நின்னு என்ன பிரயோசனம்?"

கதீஜா சட்டென்று எழுந்து வெளியே போனாள். சபூராவும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனாள். படிக்கட்டுக்குக் கீழே கதீஜா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மதி. நீ சொல்லிப்போடாத. தெரிஞ்சா உன்னையும் சேத்துப் புடிச்சுக்குவாங்க. நான் பாத்துக்கறேன்."

சபூரா தண்ணீர் குடிக்காமலே உள்ளே திரும்பினாள். யார் இந்த மதி? எதற்குப் பிடிப்பார்கள்? அன்றைக்குச் சாயங்காலமே மைமூனிடமும் ஜுலைகாவிடமும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அங்க போய் எறங்குனதும் வேலைக்கு ஓடிப்போறதுக்கு வர்றாளா, இல்லை தங்கம் கடத்தறவளா, ஒண்ணும் புரியலை. நம்ம மார்க்கத்தைச் சேந்தவதானான்னே எனக்குச் சந்தேகமா இருக்குது."

"அய்யோ, அல்லா! நம்மையும் சேத்துல்ல உள்ள தூக்கி வெச்சுருவாங்க" என்று ஜுலைகா பதறினாள். அடுத்த வகுப்பில் இருவரும் கதீஜாவின் பக்கத்தில் உட்காரவில்லை. கதீஜா காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் ஒரு தரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததையும் சபூரா குறையாகவே எடுத்துக்கொண்டாள். மடியில் கனமில்லாதவள் ஏன் என்று கேட்டிருக்கமாட்டாளா?

நசுருதீனிடம் போய் ஆளை மாற்றித் தரச் சொன்னாள். அவர் கையை விரித்தார்.

"பேரெல்லாம் தேர்வாயிருச்சுங்கம்மா. இனி ஆள் மாத்த முடியாது. சந்தேகம்னா அவங்ககிட்டயே நேராக் கேட்டுப்போடுங்களேன்."

"கேட்டா உண்மையச் சொல்லிருவாளாக்கும்?" என்று சபூரா திரும்பி வந்துவிட்டாள்.

இதற்கு நடுவில் தன் பங்குக்கு உறவு வீடுகளுக்கெல்லாம் போய்ப் பொருத்தமும் கேட்டு முடித்தாள். எல்லோரும் "நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க, பொருந்திக்கிட்டோம்" என்று சிரித்தபடி சொல்லி, பிரியாணி போட்டு அனுப்பினார்கள். வேலை சுலபமாக முடிந்ததில் அவளுக்குத் திருப்திதான்.

கடைசி வகுப்பு காலையிலேயே முடிந்தது. காந்திபுரத்தில் கதீஜா சத்தியமங்கலம் பஸ் ஏறுவதைச் சபூரா பார்த்தாள். அந்தியூருக்கு அந்த வழியாகவும் போகலாம்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக அதே பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். அன்னூர் வந்தது, புளியம்பட்டி வந்தது. முன்சீட்டில் அந்தத் தலை ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

சத்தியமங்கலத்தில் கதீஜா இறங்கினாள். அந்தியூர் பஸ் தயாராக நின்றது, அதில் ஏறவில்லை. விறுவிறுவென்று ஆற்றுப் பக்கம் போகும் தெருவில் திரும்பினாள். ஒரு புளியமரத்தடியில் நின்று அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு புர்காவைக் கழற்றி மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சபூரா மதில் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தாள். நினைத்தது சரியாகப் போய்விட்டதே!

தெருக்கோடியில் பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி வீடு. வாசலில் கோலம், நிலைக்கு மேலே சாமி படம். கதீஜா அந்த வீட்டுக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. சும்மா நின்றாள்.

சபூராவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நேரே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏனம்மணி, என்ன வேசம் இது? எங்களையெல்லாம் மாட்டி விடறதுக்குன்னே வந்து சேந்தியா?"

கதீஜா திடுக்கிட்டுத் திரும்பினாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டருகே வந்தார். கதீஜாவை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொற்கொடியா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப, ரெண்டு மூணு தரம் கருப்புத் துணியப் போத்திக்கிட்டு இங்க வந்து நின்னுட்டுப் போனது நீதானா? யாரோ நோட்டம் பாக்கறாங்கன்னு இந்தத் தெருவே பேசிக்குது."

"முகம் தெரியலைன்னுதான் கதவத் தொறக்கலையோன்னு நெனச்சேனுங்க. அதுதான் இன்னிக்குக் கழட்டிப்போட்டு வந்தேன்." கதீஜா ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்தாள். "ஹஜ்ஜுக்குப் போறனுங்கண்ணா. போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். அன்னிக்கு எங்க ஊட்டுக்காரரைக் கட்டிக்கறதுக்குச் சொல்லாமக் கொள்ளாம ஊட்ட உட்டுப் போனேன். அம்மாளும் அப்பனும் தெருவுல தலை நிமிர முடியாமப் பண்ணிப்போட்டேன். அவங்ககிட்டக் கேக்க வழியில்லை. நீங்க மன்னிச்சுட்டேன்னு சொன்னாப் போதும்."

சபூரா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அவர் ராசப்பன், கதீஜாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் முகத்தில் துளி இளக்கம் வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இத்தனை வருசம் கழிச்சு இப்ப என்ன திடீர்னு? புருசனும் போய்ட்டான். அப்பன் பேர்ல இருக்கற இந்த எடத்துல பங்கு கேக்க ஆரு சொல்லிக் குடுத்தாங்க? மதிவதனியா? தங்கச்சியும் நீயும் போன்ல பேசிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. எடம் எதுவும் எனக்கு வேண்டாமுங்க."

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. மன்னிச்சுட்டேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு வக்கீலோட வந்து நிப்பே. உங்க கூட்டத்துல மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போகோணுமாமா? புதுசா இருக்குதே!"

அந்தக் குரலைச் சபூராவுக்கு நன்றாகத் தெரியும். மண்டபத்திலும் ஜுலைகா வீட்டு வாசலிலும் தான் பேசியது இதே குரலில்தான். ஒருத்தி என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் குரல். எதிரே நின்று அதைக் கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"ஏனுங்க, நான் ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா?" என்றாள்.

"நீங்க யாரு?"

"இவங்ககூட மக்காவுக்குப் போறவளுங்க. ஆனா இப்ப இவங்களுக்குத் துணையா வரலை. இவங்களைத் திருடின்னு நெனச்சுக் கையும் களவுமாப் புடிக்கிறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து பஸ்ல பின்னாலயே வந்தேன்."

கதீஜா திரும்பி அவளைப் பார்த்தாள். சபூரா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பேசுனா சந்தேகம், பேசாட்டியும் சந்தேகம். ரெண்டு மாசமா இவங்களைத் துருவித் துருவிப் பார்த்திருக்கறனுங்க. உங்களாட்டவே. கடைசியில கெடைச்சது இதுதான். அண்ணன் ஊட்டு வாசல்ல வந்து கூப்பிடக்கூடப் பயந்துக்கிட்டு நிக்கறாங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போறது எங்க மார்க்கத்துல நெசந்தானுங்க. நானும் நாலு ஊட்டுல கேட்டேன். மனத்தாங்கலே இல்லாதவங்க ஊடாப் பார்த்துக் கேட்டு, பிரியாணி தின்னுட்டு வந்தேன். இவங்க கதவச் சாத்திக்குவாங்கன்னு தெரிஞ்ச ஊட்டுக்கு வந்திருக்கறாங்க."

உள்ளேயிருந்து ராசப்பனின் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கேட்டுக்கு மேலாகக் கதீஜாவிடம் நீட்டினாள். கதீஜா வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை ராசப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா செத்தப்ப நீ வந்து நின்னே. நான்தான் உள்ள உடலை" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்க வெயில் சாஸ்தின்னு டிவியில சொன்னாங்க."

"ஆமாங்கண்ணா."

"கொடை கொண்டு போ." திரும்பி நாலடி வைத்தார். கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார்: "பத்திரமாப் போயிட்டு வா."

மன்னித்தேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் கதீஜா புளியமரம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். அங்கே நின்று புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சபூராவிடம் திரும்பினாள். கண்ணில் ஈரம் காயவில்லை, ஆனால் பார்வை வேறாகியிருந்தது.

"என் பக்கத்துச் சீட்டு ஏன் காலியாக் கெடந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுதுங்க. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

சபூரா சொன்னதையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். வேலைக்கு ஓடுகிறவள், தங்கம் கடத்துகிறவள், மார்க்கத்தைச் சேராதவள்.

"அரபி வாய்க்கு வராதுங்க. தப்பாச் சொல்லி நாலு பேரு சிரிச்சா அசிங்கம்னு மெதுவாச் சொன்னேன். அப்பன் பேரு கருப்பண்ணன்னு சொன்னா எல்லாரும் எப்படிப் பார்ப்பீங்கன்னு தெரியும். எங்க ஊட்டுக்காரரைக் கட்டுன நாள்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருக்கறேன்."

"பொருந்திக்கங்க கதீஜா. நான் பண்ணுனது பெரிய தப்பு."

கதீஜா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தாள், சபூராவும் கூடவே போனாள். அந்தியூர் பஸ் ஹாரன் அடித்தது.

"இப்பச் சொன்னா அது வாய்வார்த்தையாத்தான் இருக்குமுங்க. நீங்களும் என்ன நெனச்சு இதைக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியலை. நான் சொல்லாட்டி உங்க ஹஜ் கெட்டுப்போயிரும்னு பயந்து கேக்கறீங்களோ என்னமோ." அவ்வளவுதான் சொன்னாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தன் மேல் ஒருத்தி சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று சபூரா அன்றைக்குத்தான் அனுபவித்தாள். இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அந்தப் பயம் கொஞ்சம் இருக்கத்தானே செய்தது. கோயமுத்தூர் திரும்பியதும் மைமூனையும் ஜுலைகாவையும் கூட்டி உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். ஜுலைகா வெடுக்கென்று, "சந்தேகத்தை எங்க தலையில ஏத்துனதும் நீங்க, எறக்கி வெக்கறதும் நீங்களா?" என்று கேட்டாள். அதையும் வாங்கிக்கொண்டாள்.

நாலு பேரும் போனார்கள். மக்காவில் ஒரே அறை. கதீஜா முகம் கொடுத்துப் பேசினாள், சமையலில் கைகொடுத்தாள், ஜுலைகாவின் வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். சபூரா கேட்டதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சபூராவும் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டால் நெருக்குவதாக ஆகிவிடும் என்று பயந்தாள்.

அரபா நாள் வந்தது. கூடாரத்துக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. எங்கு பார்த்தாலும் ஏந்திய கைகள், எந்தெந்த மொழியிலோ அழுகை. சபூராவும் கையை ஏந்தினாள். கணவருக்காகக் கேட்டாள், அய்மனுக்காகக் கேட்டாள். தன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் ஏந்திய கையை இறக்கிவிட்டாள். மனுசர் பொருந்தாததை அல்லாவிடம் எந்த முகத்தோடு கேட்பது?

பக்கத்தில் கதீஜா சத்தமாகத் தமிழிலேயே துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பன் பேரைச் சொன்னாள், அம்மாள் பேரைச் சொன்னாள், ராசப்பன் அண்ணன், மதிவதனி, அமீர் ஹம்சா என்று வரிசையாகச் சொன்னாள். "மைமூன், ஜுலைகா, சபூரா" என்றும் சொன்னாள். முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, உங்க மேல கோவம் இருக்குதான்னு உள்ள தேடிப் பார்த்தனுங்க. கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. அது இருந்தாலும் பரவாயில்லை, பொருந்திக்கிட்டேன். மனசறிஞ்சுதான் சொல்றேன்."

சபூரா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கொஞ்சக் கோபம் எவ்வளவு, எப்போது போகும் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. கையை மறுபடி ஏந்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.