எழுத்து மாறினால் ரயில்

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாம் லினக்ஸ். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் விட்டுவிட்டு மின்னும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை, ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிசாவுக்கு வந்தது.

முதல் நாள் வகுப்பில் யாரும் கீபோர்டைத் தொடவில்லை. பேக்கிங்கில் பழைய ஆளான மாதேஸ்வரி கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், தப்பா அடிச்சுட்டா லைன் நின்னுருமா?"

"நிக்காதுக்கா. இது சும்மா பழகறதுக்கு."

"நீங்க சொல்லுவீங்க. நின்னா சூப்பர்வைசர் என்னையத்தான் புடிப்பாரு."

அன்று முழுக்க ஃபிசாதான் தட்டினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் சீக்கிரமே வந்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு விளையாட்டு புரோகிராமை ஏற்றிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"உள்ள என்னென்ன ஃபைல் இருக்குன்னு பாக்க, எல், எஸ். ரெண்டே எழுத்து. அடிங்கக்கா."

மாதேஸ்வரி பதற்றத்தில் 'எஸ்' எழுத்தை முதலிலும் 'எல்' எழுத்தைப் பிறகும் அடித்தார். எண்டரைத் தட்டியதும் திரையின் வலது ஓரத்திலிருந்து, எழுத்துகளாலேயே செய்த ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு புறப்பட்டது.

"அய்யோ மேடம், ரயிலு!"

"ரைலு பந்த்து!" என்று, ரயில் வந்துவிட்டதைக் கன்னடத்தில் கூவியபடி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கங்கப்பன் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே!" என்றார் மாதேஸ்வரி.

"எழுத்து மாறிடுச்சுக்கா. அப்படி மாறினா ரயில் வரும். வேற ஒண்ணும் ஆகாது."

மாதேஸ்வரி திரையைப் பார்த்தார், ஃபிசாவைப் பார்த்தார், மறுபடி தட்டினார். அடுத்த நிமிடம் அறையில் இருந்த எல்லாத் திரையிலும் ரயில்கள். சரியாக அடிக்க ஒருவருக்கும் மனமில்லை.

"என்னுது சாமல்பட்டி ஸ்டேஷன்ல நிக்காமப் போவுது பாரு!" என்றார் மாதேஸ்வரி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேறு எழுத்துகளையும் மாற்றிப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணும் வரலையே மேடம்? அப்ப இதுக்கு?"

கேட்டுக்கொண்டே அடித்ததில், மத்தியானத்துக்குள் அவருக்கு எட்டு பத்து கட்டளைகள் தெரிந்துவிட்டன.

சத்தம் கேட்டு மேனேஜர் ஆனந்தராஜ் வந்தார். ரயிலைப் பார்த்ததும் வைரஸ் என்று நினைத்து, கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தினார்.

"போய் முடியற வரைக்கும் நிக்காது சார்," என்றார் மாதேஸ்வரி.

கடைசிப் பெட்டி மறையும்வரை மேனேஜரும் நின்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படி வர வெச்சீங்க?" என்று கேட்டு, கவனமாக இரண்டு எழுத்துகளைத் தட்டினார். ஃபைல் பெயர்கள் வந்தன.

"அடடா, சரியா அடிச்சுட்டீங்களே சார்!" என்றார் மாதேஸ்வரி.

அறையே அதிர்ந்தது. ஃபிசா சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை லைனில் புதிய திரைகள் வேலைக்கு வந்தபோது, முதலில் போய் உட்கார்ந்தவர் மாதேஸ்வரி. யாரையும் கேட்காமல், பெட்டிக்கு லேபிள் அச்சிடும் கட்டளையை அடித்தார். பிரிண்டர் ஒரு முறை முனகிவிட்டு லேபிளைத் துப்பியது. அதைக் கிழித்துத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார்:

"மேடம்! சரியா வந்திருக்குது, ஓடியாங்க!"